நம் கதைகளில் கேள்வி கேட்கும் பெண் எங்கே?

கதை படிப்பது வீண்பொழுது என்றும், அதிலும் துப்பறியும் கதை படிப்பது சிந்தையைக் கெடுக்கும் செயல் என்றும் கருதுவோர் நம் சமுதாயத்தில் இன்றும் பலர் உளர். அவர்களை நோக்கியே இதனை எழுதுகிறோம். பழங்காலம் ஒன்றைக் களமாகக் கொண்டு, காவல் துறையையோ அரசுப் பதவியையோ சாராத ஒரு பெண் தன் அறிவொன்றையே துணையாகக் கொண்டு குற்றத்தின் மறைவைத் துலக்கிக் காட்டும் புதினம், தமிழ் முஸ்லிம்களுக்கு வேண்டாத பொருள் அன்று. இன்றியமையாத பொருள் என்பதே நம் கட்சி.

ஆங்கிலத்தில் இத்தகைய புதினங்கள் இந்தியாவைக் களமாகக் கொண்டே அண்மைக் காலத்தில் வந்துள்ளன. ஹரிணி நாகேந்திரா 2022இல் வெளியிட்ட ‘தி பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்’ என்ற நூலில், 1921ஆம் ஆண்டுப் பெங்களூரில் மருத்துவர் ஒருவரின் இளம் மனைவியும் கணிதத்தில் நாட்டம் உடையவளுமான காவேரி ஒரு கொலையின் உண்மையைத் தேடிச் செல்கிறாள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 2018இல், அமெரிக்காவில் வாழும் சுஜாதா மாஸி எழுதிய ‘தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்’ வெளிவந்தது. அதுவும் 1921ஆம் ஆண்டுக் கதையே. நம் சிந்தனைக்குரியது இந்த இரண்டாம் நூல்.

பம்பாயில் பஞ்சாலை அதிபரான முஸ்லிம் செல்வர் ஒருவர் இறந்துபோகிறார். அவருடைய மூன்று மனைவியரும் கோஷாவில் வாழ்பவர்கள். அயல் ஆடவர் எவரோடும் பேசாதவர்கள். அம்மூவரும் தங்களுக்கு வரவேண்டிய உடைமை முழுவதையும் ஓர் அறநிலையத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக ஒரு தாள் வழக்கறிஞரின் மேசைக்கு வருகிறது. அதில் ஒருத்தியின் கையொப்பம் வெறும் பெருக்கற்குறி. எழுதப் படிக்கத் தெரியாத பெண் எதைப் படித்து இதற்கு இசைந்தாள்? இந்த ஐயமே கதையின் வித்து. ஐயுறுபவள் பர்வீன் மிஸ்திரி என்னும் பார்சிப் பெண் வழக்கறிஞர். ஆண் வழக்கறிஞர் நுழைய இயலாத அந்தப்புரத்துள் அவள் நுழைகிறாள், கேட்கிறாள், கண்டறிகிறாள்.

இது வெறுங்கற்பனை அன்று. ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் பயின்ற முதல் பெண்மணியான கார்னீலியா சொராப்ஜி (1866–1954), 1904 முதல் வங்காளத்தில் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்னும் அரசுத் துறையின் கீழ் இப்பணியையே செய்தார். திரைக்குப் பின் வாழ்ந்த இந்து, முஸ்லிம் பெண்களின் சொத்துரிமைக்காக வீடு வீடாகச் சென்றார். கோஷாப் பெண்ணிடம் கையொப்பம் பெற்றவன், அப்பெண் அப்பத்திரத்தின் பொருளை முழுதும் உணர்ந்தே ஒப்பமிட்டாள் என்பதைத் தானே மெய்ப்பிக்க வேண்டும் என்று, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இலண்டன் பிரிவி கவுன்சில் விதித்தது. அவ்வாறு ஒரு விதி பிறக்க வேண்டியிருந்தது என்றால், எத்தனை பத்திரங்கள் எத்தனை பெண்களின் அறியாமையின் மீது எழுதப்பட்டிருக்க வேண்டும்!

நூலாசிரியர் மீது நமக்கு வழக்கொன்றும் இல்லை. அவர் தம் கதைக்குரிய நீதியைச் செய்திருக்கிறார். நம் வழக்கு வேறு. அக்கதையில் நம் பெண்கள் அஞ்சுகிறார்கள், மறைக்கிறார்கள், துன்புறுகிறார்கள், இறுதியில் காப்பாற்றவும் படுகிறார்கள். வினா எழுப்புபவள் மட்டும் வேறு வீட்டிலிருந்து வருகிறாள். உலகம் படிக்கும் ஏடுகளில் முஸ்லிம் பெண் எப்போதும் விடை சொல்லும் இடத்தில் இருக்க, வினாத் தொடுக்கும் இடத்தில் எப்போதும் பிறர் இருந்தால், அவளுக்கு வினாவே எழுவதில்லை என்றுதானே படிப்பவர் எண்ணுவர்? அந்த எண்ணத்தை மாற்றும் கடமை பம்பாயைப் பற்றி எழுதுபவருக்கு உரியதா, நமக்கு உரியதா?

முன்னே நின்றவர்கள் நாம்

தமிழில் புதினம் பிறந்த நாளிலேயே முஸ்லிம்கள் அத்தொட்டிலருகே நின்றவர்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. ஆறே ஆண்டுகள் கழித்து, 1885இல், இலங்கைக் கண்டியைச் சேர்ந்த சித்தி லெப்பை ‘அஸன்பே சரித்திர’த்தை வெளியிட்டார். சிறு வயதில் கடத்தப்பட்ட ஒருவனின் பிறப்பு மறைந்து கிடந்து பின்னர் வெளிப்படுவதே அதன் கதை. மறைபொருளைத் தேடும் கதை நமக்கு அயலானது என்போர் இதனை நினைவில் கொள்க.

1938இல் நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா? கடமையா?’ என்னும் புதினத்தை வெளியிட்டார். பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காத அந்த அம்மையாரின் நூலுக்கு முன்னுரை அளித்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஆவார். ஒரு முஸ்லிம் பெண் நாவல் எழுதுவதா என்று முகஞ்சுளித்த காலத்தில் அவர் எழுதினார். பின்னாளில் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இலும், சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இலும் வெளிவந்தன. நம் வீட்டுப் பெண்ணின் துயரை இந்நூல்கள் தமிழுலகுக்குக் காட்டின. ஆயினும், அத்துயருக்குக் காரணமானவன் யார், அவன் எவ்வாறு அதனைச் செய்தான், சான்று எங்கே என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, உண்மையைக் கூடத்தில் கொண்டுவந்து வைக்கும் பெண்ணை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

தமிழில் துப்பறியும் கதைக்கு வாசகர் இல்லையோ எனில், அதுவும் பொய். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வீடுதோறும் படிக்கப்பட்டனர். தமிழ்வாணனின் சங்கர்லாலை அறியாத இல்லம் ஒரு காலத்தில் அரிது. நம் கொங்கு மண்ணின் கோவையிலிருந்தே ராஜேஷ்குமார் எழுதிக் குவித்தார். வரலாற்றுப் புதினத்தில் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஆதித்த கரிகாலனின் கொலை என்னும் புதிரைச் சுற்றியே 1950 முதல் 1954 வரை தமிழகத்தைக் காத்திருக்க வைத்தது. நம் தாய்மாரும் சகோதரியரும் இவற்றையெல்லாம் படித்தவர்களே. படிக்கலாம், ஆனால் அவற்றுள் தம்மைக் காணக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

துருவுதல் வேறு, தெளிதல் வேறு

முதல் மறுப்பு மார்க்கத்தின் பெயரால் வருகிறது. பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதைத் திருக்குர்ஆன் ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில் தடுத்திருக்க, துப்பறியும் பெண்ணை எவ்வாறு போற்றுவது என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் அதே அத்தியாயத்தின் 6ஆம் வசனம், தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதனைத் தீர விசாரித்துத் தெளியுமாறும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்தாதிருக்குமாறும் பணிக்கிறதே! ஒரே அத்தியாயம் ஒன்றைத் தடுத்து மற்றொன்றைக் கடமையாக்குவது ஏன்? ஒருவனுக்கும் அவன் இறைவனுக்கும் இடையே உள்ள குறையை மூடுக. ஒருவன் பிறருடைய உரிமையைப் பறித்திருந்தால் அதனை ஆராய்க. அடியார்களின் உரிமையாகிய ஹக்குல் இபாதை, உரியவர் மன்னிக்காதவரை இறைவனும் மன்னிப்பதில்லை என்று மேடைதோறும் கூறும் நாம், அவ்வுரிமை பறிபோன கதையை ஆராய்வது பாவம் என்று கூறலாமா?

சான்று கொண்டு உண்மை காணும் முறையைத் திருமறையே யூசுஃப் அத்தியாயத்தில் காட்டுகிறது. சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் குற்றம் அவர் மேல். பின்புறம் கிழிந்திருந்தால் அவர் குற்றமற்றவர் என்று, அப்பெண்ணின் உறவினரே ஒருவர் வழி கூறினார். கிழிசலைப் பார்த்தனர், உண்மை வெளிப்பட்டது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோ, நபித்தோழர்கள் அறிவித்த செய்திகளில் பிழை கண்டபோதெல்லாம் காரணம் காட்டித் திருத்தினார்கள். அத்திருத்தங்களை மட்டுமே தொகுத்து இமாம் ஸர்கஷீ பதினான்காம் நூற்றாண்டில் ஒரு தனி நூல் இயற்றினார். பெண் கேள்வி கேட்பது மார்க்கத்துக்கு முரண் எனில், அந்நூலை எந்த அலமாரியில் மறைப்பது?

இலக்கியத்திலும் இது மேனாட்டுச் சரக்கு அன்று. ஆயிரத்தொரு இரவுகளில் ‘மூன்று ஆப்பிள்கள்’ கதையில், பெட்டியில் கிடைத்த பெண்ணுடலின் கொலையாளியைக் கண்டுபிடிக்குமாறு கலீஃபா ஹாரூன் ரஷீத் அமைச்சர் ஜஃபருக்குக் கெடு விதிக்கிறார். தமிழிலோ, ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியன் அவையில், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கூறி அதனை உடைத்துக் காட்டியவள் கண்ணகி. அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. வினவாத அரசனையும் சான்று காட்டிய பெண்ணையும் எதிரெதிரே நிறுத்திய மொழியில் எழுதுகிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

திரைக்குப் பின்னிருந்தவள் அறிந்தவை

இரண்டாம் மறுப்பு வரலாற்றின் பெயரால் வருகிறது. கோஷாவில் இருந்த பெண் எங்கே சென்று துப்பறிவாள். அவ்வாறு எழுதினால் அது காலத்துக்கு ஒவ்வாத பொய்யாகாதா என்பது அது. இதற்கு விடையாக நம் காங்கேயத்தையே களமாகக் கொண்டு ஒரு கதையை எண்ணிப் பார்ப்போம். எழுதத் துணிபவர் எவரும் இதனை எடுத்துக்கொள்ளலாம்.

காங்கேயம் என்றதும் காளையும், சிவன்மலையும், தேங்காய்ப் பருப்பு உலர்த்தும் களங்களும், கண்ணபுரம் மாட்டுச் சந்தையும் நினைவுக்கு வரும். வரலாறு என்றதும், திப்பு சுல்தானின் துணைநின்று கும்பினியாரை எதிர்த்து 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலை நினைவுக்கு வருவார். குதிரையும் வாளும் உள்ள கதைகள் பல எழுதப்பட்டுவிட்டன. நாம் சொல்லும் கதையில் கிளுவை வேலி அடைத்த கொறங்காடு ஒன்றும், ஒரு பத்திரமும், ஒரு பெருவிரலும் மட்டுமே போதும்.

ஆண்டு 1949 என்க. அவ்வாண்டுக்கு ஒரு சிறப்பு உண்டு. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் வேளாண் நிலத்தைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவைத்தது. ஆகவே வழக்கத்தைக் காட்டி, பெண்ணுக்குக் காட்டில் பங்கில்லை என்று வாதாட இடம் இருந்தது. சென்னை மாகாணம் 1949இல் ஒரு திருத்தம் செய்து வேளாண் நிலத்தையும் அச்சட்டத்துள் கொண்டுவந்தது. அன்னிஸா அத்தியாயம் பெண்ணுக்கு விதித்த பங்கை, மழையை நம்பிய மேட்டாங்காட்டுக்கும் உரியதாக்கிய ஆண்டு அது. அவ்வாறான ஆண்டில், ‘எனக்குப் பங்கு வேண்டாம்’ என்று சகோதரி எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்துக்கு எத்தகைய மதிப்பு ஏறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

கதையில் அத்தகைய சகோதரி ஒருத்தி இறந்துபோகிறாள். நாற்பது நாள் கழிவதற்குள் சகோதரன் ஒரு விடுதலைப் பத்திரத்தை வெளியே எடுக்கிறான். அவள் நலமாய் இருந்த நாளில், இறப்பதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே எழுதியதாக அதில் தேதி இருக்கிறது. பத்திரம் எழுதிய நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுவரலாம் என்பது பதிவுச் சட்டம். கைநாட்டு அவளுடையதுதானா? அதனை அறிய வழியுண்டு. பெருவிரல் ரேகையை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் பெரும்பங்கு கல்கத்தாவில் பணியாற்றிய காஜி அஜீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இரு இந்தியர்களுடையது. 1897இலேயே அங்கு ரேகைக் காப்பகம் அமைந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ரேகை அவளுடையதே! ஆகவே ஊர் அடங்கிவிடுகிறது, ஜமாஅத்தும் அடங்கிவிடுகிறது.

அடங்காதவள் ஒருத்தி இருக்கிறாள். மய்யித்துகளைக் குளிப்பாட்டும் முதியவள். நம் மார்க்க ஒழுங்கில் பெண்ணின் உடலைப் பெண்களே குளிப்பாட்ட வேண்டும். இறந்தவளின் பெருவிரலில், தேய்த்தும் போகாத கறுத்த மையை அவள் கண்டிருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன் வைத்த கைநாட்டின் மை, இறந்த அன்று விரலில் எவ்வாறு இருக்கும்? ரேகை யாருடையது என்பதற்குக் கல்கத்தாவின் கலை விடை சொல்லும். அது எப்போது வைக்கப்பட்டது என்பதற்கு அம்முதியவளைத் தவிர விடை சொல்வார் இல்லை. உயிர் போகும் வேளையில் வைக்கப்பட்டதெனில், மரண நோயில் செய்யும் கொடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது. வாரிசு ஒருவருக்குக் கொடுப்பது ஏனைய வாரிசுகளின் இசைவின்றிச் செல்லவே செல்லாது என்பது ஹனஃபி சட்டம். உயிர் போன பின் வைக்கப்பட்டதெனில், அதன் பெயர் வேறு.

இக்கதையின் உயிர்நாடி ஒன்றுண்டு. குளிப்பாட்டுபவர் மய்யித்திடம் கண்ட குறையை மறைக்க வேண்டும் என்பது நமக்கு நபிவழி கற்பித்த பண்பு. வாழ்நாள் முழுதும் அப்பண்பைக் காத்தவள் அம்முதியவள். இப்போது அவள் வாய் திறப்பதா, மூடுவதா? விரலில் இருந்த மை இறந்தவளின் குறையா, இறந்தவளுக்கு இழைக்கப்பட்ட குறையா? இவ்வினாவை அவள் தன் மனத்துள் தீர்க்கும் வரை கதை நகராது. தீர்த்த பின் அவள் செல்ல வேண்டிய இடங்கள் யாவும் அவளுக்குத் திறந்தே இருக்கின்றன. பேறு பார்க்கும் மருத்துவச்சியின் வீடு, சிறுமியருக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கும் பெண்ணின் திண்ணை, இத்தா இருக்கும் கைம்பெண்ணின் அறை, சமையற்கட்டு ஆகிய எல்லாவற்றிலும் அவள் தடையின்றி நுழைவாள். நீதிபதியும் காவலரும் பதிவாளரும் நுழைய இயலாத இடங்கள் அவை. திரை அவளைத் தடுக்கவில்லை. அவளைத் தவிர ஏனையோரையே தடுத்தது. இதில் காலத்துக்கு ஒவ்வாத பொய் எங்கே இருக்கிறது? பம்பாய்க் கதைக்கு வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞர் வர வேண்டியிருந்தது. நம் கதைக்கு வேண்டியவள் எந்நாளும் நம் தெருவிலேயே இருந்தாள்.

வீட்டு வழக்கும் வீதியும்

மூன்றாம் மறுப்பை மார்க்கம் என்றோ வரலாறு என்றோ எவரும் பெயரிடுவதில்லை. ஆனால் ஏனைய இரண்டுக்கும் பின்னே நிற்பது அதுவே. நம் வீட்டு வழக்கை வீதிக்குக் கொண்டுவந்தால் பிறர் நகைப்பார்கள். நம்மை இகழக் காத்திருப்போருக்கு நாமே ஆயுதம் கொடுப்பதாகும் என்கிறார்கள். இந்த அச்சம் முற்றும் ஆதாரமற்றது என்று கூறமாட்டோம். நம்மைப் பற்றி அவதூறு எழுதுவோர் இருக்கிறார்கள். ஆயினும் கேட்கிறோம்: நாம் எழுதாதிருந்ததால் அவர்கள் எழுதாதிருந்தார்களா? நாம் மூடிய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே நடப்பதை அவர்கள் தம் விருப்பம் போலன்றோ புனைந்தார்கள்? பங்கை மறுத்த சகோதரனை எழுதுபவர், அப்பங்கை வழங்கிய மார்க்கத்தையும் அறிந்தவராய் இருந்தால்தான், குற்றம் மனிதனுடையது, நெறியினுடையது அன்று என்பது படிப்பவருக்கு விளங்கும். அதனை எழுத நம்மிலும் தகுதியுடையார் யார்?

மௌனத்துக்கு ஒரு விலை உண்டு; அதனை ஆண்கள் கொடுப்பதில்லை. ‘சீர் செய்தோம், நகை போட்டோம், இனி என்ன பங்கு’ என்ற ஒரு வாக்கியத்தில் எத்தனை சகோதரியரின் உரிமை முடிந்துபோகிறது! அத்தா மவுத்தான துக்கம் ஆறுமுன் நீட்டப்படும் தாளில், படிக்காமலே ஒப்பமிடுபவள் நல்ல பெண். படித்துப் பார்க்கிறேன் என்பவள் குடும்பத்தைப் பிரிப்பவள்! துப்பறியும் கதையின் முதற்பாடம், இதனால் ஆதாயம் அடைந்தவன் யார் என்று கேட்பதே. அக்கேள்வியைக் கதையில் கூடக் கேட்டறியாத பெண், தன் வீட்டுக் கூடத்தில் எவ்வாறு கேட்பாள்?

ஆகவே எழுத்தாளர்களை வேண்டுகிறோம். அப்பெண்ணை எழுதுங்கள். வாழ்வோர் எவரையும் தூற்றாமல் எழுதுங்கள். சட்டத்தையும் ஆண்டையும் ஊர்வழக்கையும் சரிபார்த்து எழுதுங்கள். அவளைத் தொழுகையை மறந்த புதுமைப் பெண்ணாகவும் ஆக்க வேண்டாம். கண்ணீர் மட்டுமே உடைய பதுமையாகவும் ஆக்க வேண்டாம். தொழுதுவிட்டு எழுந்து, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ‘அந்தத் தாளை இங்கே கொடு, பார்ப்போம்’ என்று கேட்கும் ஒருத்தியை எழுதுங்கள்.

குடும்பங்களை வேண்டுகிறோம். நன்னிமார் விட்டுச் சென்ற தகரப் பெட்டிகளில் பழம் பத்திரங்களும், மஹர் எழுதிய நிக்காஹ் சீட்டுகளும், அரபுத் தமிழில் எழுதிய கடிதங்களும் செல்லரித்துக் கிடக்கின்றன. வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாளில் அவற்றைக் குப்பையென்று கொளுத்திவிடாதீர்கள். அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே அவற்றைப் படிக்கச் செய்து, பிள்ளைகளைக் கொண்டு எழுதி வையுங்கள். வரலாற்றுப் புதினத்துக்கு வேண்டிய சரக்கு அரண்மனைகளில் மட்டும் இல்லை. உங்கள் பரணிலும் இருக்கிறது.

பெண்மக்களைப் பெற்றோரை வேண்டுகிறோம். உங்கள் மகள் அப்பெட்டியைத் திறந்து, இந்தக் கைநாட்டு யாருடையது, இந்தக் காடு இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று வாயை அடைக்காதீர்கள். விடை தெரிந்தால் சொல்லுங்கள். சொல்ல இயலாத விடை எனில், சொல்ல இயலாமல் செய்தது எது என்று நீங்களும் அவளோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். மறுமை நாளில் அவ்வினாவைக் கேட்கப் போகிறவன் மகள் அல்லன். அவனிடம் எந்தத் தாளும் செல்லாது.